பாதிக் கூட்டம் எழுந்து போன படம்: ‘பேரி லிண்டன்’ பற்றி ஒரு பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் நண்பர்களும் சேர்ந்து தங்கள் பகுதிக் கூடம் ஒன்றில் ஞாயிறு மாலைகளில் படம் போடுகிறார்கள். போன மாதம் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘பேரி லிண்டன்’ போட்டிருக்கிறார்கள். இடைவேளையில் பாதிக் கூட்டம் காலி. மிச்சம் இருந்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சி “ஜவ்வு மாதிரி இழுக்கிறான், செம மொக்கை” என்கிறது. இன்னொரு கட்சி “இது மாஸ்டர்பீஸ், உங்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை” என்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லையாம். இதற்கு நடுவில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்கத் தெரியாதவர், கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மறுநாள் டீக்கடையில் அந்தக் கடைசித் துப்பாக்கிச் சண்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். யார் சொல்வது சரி, பிடித்தது என்று சொல்பவர்கள் சீன் போடுகிறார்களா, இந்த மாதிரிப் படமெல்லாம் நம்ம ஏரியாவுக்குச் சரிப்படாதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் மனதில் உறுத்துவது அந்த மூன்றாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது உங்களைத் தூங்கவிடாமல் செய்யவில்லை. எழுந்து போனவர்கள் உங்கள் தெருக்காரர்கள். அவர்களுக்கு ரசனை இல்லை என்று ஒருவன் சொன்னதும் உங்களுக்கு வலித்திருக்கிறது. அதே சமயம் நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த படத்தை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் அந்த மூன்றாவது கேள்வியை மனதில் வைத்தே மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் விமர்சகன் கிடையாது. மின்ட் பக்கமும் தண்டையார்பேட்டைப் பக்கமும் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் உண்டாக்கிய காலத்தில் கேபினுக்குள், அதாவது படம் ஓட்டும் அறைக்குள் போனேன், டிஜிட்டல் வந்த பிறகு வெளியே வந்தேன். அப்புறம் சில வருடங்களாகத் திரைப்படச் சங்கங்களுக்குப் படம் ஓட்டிக் கொடுக்கிறேன். கேபினில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் திரையை விடக் கூட்டத்தின் தலைகள்தான் அதிகம் தெரியும். எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த இடத்தில் அசையாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் படிப்பு. அதை வைத்துச் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சண்டை வியாசர்பாடியில் ஆரம்பிக்கவில்லை. 1975 டிசம்பரில் படம் வெளியான நாளிலிருந்தே இருக்கிறது. 185 நிமிடம் ஓடும் படம். அமெரிக்காவில் எதிர்பார்த்த வசூல் வரவில்லை, ஐரோப்பாவில்தான் நன்றாகப் போனது. பாலின் கேல் போன்ற பெரிய விமர்சகர்களே அழகான படங்களைப் புரட்டிக் காட்டுகிறார், உயிர் இல்லை என்ற அர்த்தத்தில் எழுதினார்கள். அதே படம் ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடை, இசை என்று நான்கு ஆஸ்கர் வாங்கியது. அந்த விருதுப் பட்டியலைப் பார்த்தாலே பிளவு தெரியும். கண்ணுக்கும் காதுக்கும் கொடுத்தார்கள்; படத்துக்கும் இயக்கத்துக்கும் பரிந்துரை வரைக்கும்தான் போனது. பிறகு வருடம் போகப் போக மதிப்பு ஏறியது. குப்ரிக் படங்களில் தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது இதைத்தான் என்று அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி சொல்லியிருக்கிறார். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 2022இல் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் முதல் ஐம்பதுக்குள் வந்தது. ஆக, பெரிய விமர்சகர்களே இந்தப் படத்தில் இரண்டு கட்சியாகத்தான் நின்றார்கள். உங்கள் தெருக்காரர்களை மட்டும் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயமே இல்லை.

ஏன் இப்படிப் பிரிகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம், இந்தப் படம் “அடுத்து என்ன?” என்ற கேள்வியைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. கதை இவ்வளவுதான்: அயர்லாந்தில் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பையன், ரெட்மண்ட் பேரி. காதலுக்காக ஒருவனோடு துப்பாக்கிச் சண்டை போட்டுவிட்டு ஊரை விட்டு ஓடுகிறான். இங்கிலீஷ் பட்டாளம், அங்கிருந்து ஓடிப் பிரஷ்யப் பட்டாளம், அப்புறம் ஒற்றன், அப்புறம் ஒரு சூதாட்டக்காரருக்குக் கூட்டாளி. கடைசியில் லேடி லிண்டன் என்ற பணக்கார விதவையைக் கல்யாணம் பண்ணிப் பெரிய மனிதன் ஆகிறான். இரண்டாம் பாதியில் எல்லாம் போகிறது. இந்தக் கதையைப் படம் மறைப்பதே இல்லை. முதல் பாகத்தின் தலைப்பு அட்டையே அவன் எப்படி அந்தப் பட்டத்தை அடைந்தான் என்பதைச் சொல்லப்போகிறேன் என்கிறது. இரண்டாம் பாகத்தின் அட்டை அவனுக்கு வந்த துன்பங்களைச் சொல்லப்போகிறேன் என்கிறது. போதாததற்கு, பின்னணியில் கதை சொல்லும் குரல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பேரி தன் சின்ன மகனைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறான், அப்போதே அந்தக் குரல் இவன் ஏழையாக, தனியாக, பிள்ளை இல்லாமல் சாவான் என்று சொல்லிவிடுகிறது. பையன் சாவது அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இது தெரியாமல் நடந்த தவறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் மூல நாவலில் இப்படி இல்லை. இங்கிலீஷ் எழுத்தாளர் தாக்கரே 1844இல் பத்திரிகையில் தொடராக எழுதிய கதை அது. நாவலில் கதை சொல்வது பேரியேதான். தன் பெருமையைத் தானே அளந்துவிடுகிறான், படிக்கிறவர்கள் அவன் பொய்யைக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும். குப்ரிக் அந்தக் குரலை எடுத்துவிட்டு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு தூரத்திலிருந்து பேசும் வேறொருவரின் குரலை வைத்தார். சிரிப்புக் குறைந்தது, விதி வந்து உட்கார்ந்தது. நம்மில் பெரும்பாலோர் தியேட்டருக்குப் போவது அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கத்தான். அந்தப் பசியோடு வந்தவனுக்கு இந்தப் படம் சோறு போடாது. அவன் எழுந்து போனால் நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, அந்தத் துறைமுகப் பெரியவர் எப்படி உட்கார்ந்தார்? எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வடசென்னையில் துறைமுகத்துக்கும் பெரம்பூர் மில்லுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களில் பல செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவை. அந்த ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய. அபிமன்னன் சண்டை அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும், இடுப்பில் இருக்கும் குழந்தையைத் தவிர, அபிமன்னன் சாகப்போகிறான் என்று தெரியும். கர்ண மோட்சத்தில் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும்போது அவன் திரும்பி வர மாட்டான் என்று தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்னாலேயே வந்து இன்றைக்கு யார் கதை, யார் வருகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் போவான். ஒருவரும் “கதையைச் சொல்லிட்டியே” என்று கோபித்துக்கொண்டு எழுந்து போக மாட்டார்கள். முடிவு தெரிந்ததால்தான் கர்ணன் இன்றைக்கு எப்படி விடைபெறப் போகிறான் என்று அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள். வேஷக்காரர் ஒரு அடியைத் தப்பாக வைத்தால்கூடத் தெரிந்துவிடும்.

ஆகவே, முடிவைச் சொல்லிவிட்டுக் கதையைக் காட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. மெதுவாகக் காட்டுவதும் புதிதில்லை. கூத்தில் ஒரு ராஜா திரைக்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வருவதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் பெரியவருக்கு அந்தப் பழக்கம் உடம்பில் இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான், அவரிடமே கேட்டுப் பாருங்கள். ஆனால் கூத்துப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் படம் பிடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கூத்தில் மிருதங்கமும் முகவீணையும் உடம்பைத் தூங்கவிடாது. கட்டியங்காரன் நடுநடுவே ஊர் வம்பு பேசிச் சிரிக்க வைப்பான். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் கதை காத்திருக்கும். இந்தப் படம் அப்படி எதுவும் செய்து கொடுப்பதில்லை. குரலும் தணிவு, அசைவும் குறைவு.

இன்னொன்று, சரித்திரப் படம் என்று நீங்கள் நோட்டீஸ் அடித்திருந்தால், வந்தவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்று யோசியுங்கள். நமக்குச் சரித்திரப் படம் என்றால் வசனம். ராஜசபை நடுவில் நின்று மூச்சு விடாமல் பேச வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும். மின்ட் பக்கம் பழைய படங்களை மறுபடி ஓட்டும்போது திரையில் இருப்பவருக்கு முன்னால் தரை டிக்கெட்டில் இருப்பவர் வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவார், நான் கேட்டிருக்கிறேன். இந்தப் படத்தில் வசனம் எல்லாம் மரியாதை வார்த்தை. கொலை செய்ய வந்தவனும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறான். வழிப்பறித் திருடன்கூடத் தன்மையாகப் பேசித்தான் குதிரையைப் பிடுங்குகிறான். கோபம் முகத்தில் வராது, குரலில் வராது. எங்கே பார்ப்பது என்று தெரியாதவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும்.

கேமராவும் அப்படித்தான். நம் படங்களில் உணர்ச்சி ஏறினால் கேமரா முகத்தை நோக்கிப் போகும். இங்கே தலைகீழ். ஒரு கையிலோ துப்பாக்கியிலோ ஆரம்பித்து, ஜூம் மெல்ல மெல்லப் பின்னால் வரும். வர வர மனிதன் சின்னதாகி, மரமும் வானமும் மாளிகையும் பெரிதாகி, கடைசியில் அவன் அந்த நிலத்தில் ஒரு புள்ளி. இதைப் பார்த்து “எவ்வளவு அழகு” என்று ஒருவர் சொல்வதும் “ஏன்டா தள்ளிப் போறே, கிட்ட வாடா” என்று இன்னொருவர் தவிப்பதும் ஒரே காட்சிக்கு வரும் இரண்டு நேர்மையான பதில்கள். எனக்குப் பிடிக்கும். ஆனால் முதல் பாதியில் அந்த உத்தி அளவுக்கு மீறி வருகிறது என்பதும் என் அபிப்பிராயம். நாலைந்து தடவைக்குப் பிறகு அது எதையும் சொல்லாமல் வழக்கமாகிவிடுகிறது.

அந்தக் கடைசித் துப்பாக்கிச் சண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரியவர் பிடித்த இடம் சரியான இடம். தாக்கரேயின் நாவலில் இந்தச் சண்டையே கிடையாது, குப்ரிக் சேர்த்தது. ஒரு பழைய தானியக் கொட்டகை, மேலே புறாக்கள் படபடக்கும் சத்தம். பேரியும் அவன் மனைவியின் முதல் புருஷனுக்குப் பிறந்த மகன் புல்லிங்டனும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஓடுவது, ஒளிவது, பாய்வது எதுவும் இல்லை. நாணயம் சுண்டுகிறார்கள். முதலில் யார் சுடுவது என்று முடிவாகிறது. சுடப்போகும் புல்லிங்டனின் துப்பாக்கி அவன் குறிபார்ப்பதற்கு முன்பே வெடித்துவிடுகிறது. விதிப்படி அவன் முறை போய்விட்டது. இப்போது அவன் நின்று, பேரியின் குண்டை வாங்க வேண்டும். பயத்தில் வாந்தி எடுக்கிறான். துடைத்துக்கொண்டு திரும்பி வந்து தன் இடத்தில் நிற்கிறான். பேரி தரையில் சுடுகிறான், பையனை விட்டுவிடுகிறான். திருப்தியா என்று பையனைக் கேட்கிறார்கள். இல்லை என்கிறான். மறுபடி அவன் முறை. இந்தத் தடவை பேரியின் காலில் சுடுகிறான். அந்தக் காலை எடுக்க வேண்டியதாகிறது. இதைச் சாதாரணச் சண்டைக் காட்சி மாதிரி வேகமாக வெட்டியிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இரண்டு பேர் முறைவைத்துக் காத்திருப்பதுதான் காட்சியே. எதிரில் இருப்பவன் குண்டு போட்டு முடிக்கும் வரை நீ அசையாமல் நிற்க வேண்டும் என்ற விதியின் கொடூரத்தை நேரத்தைக் கொடுத்துத்தான் காட்ட முடியும். ஹேண்டெலின் இசையில் அந்தக் கனத்த தாளம் திரும்பத் திரும்ப வருவதும் இதற்குத்தான். படம் முழுக்க யாரும் சத்தம் போடாமல் மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தது எதற்கு என்று இந்த இடத்தில் தெரிந்துவிடும். பேரி வாழ்க்கையில் மனதாரச் செய்த ஒரு நல்ல காரியம் அந்தத் தரையில் சுட்டது. அதற்கு அவன் கொடுத்த விலை ஒரு கால். சப்டைட்டில் படிக்காமலேயே ஒருவருக்கு இது போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால் படம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்னது. கூடத்துக்கு ஜன்னல் இருக்கிறது, திரைச்சீலை இல்லை, மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம், வாசல் பக்கம் ஒரு டியூப்லைட் எரிந்தது, வாடகை புரொஜெக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, வேறு எந்தப் படத்துக்கும் இது பெரிய விஷயமில்லை. இந்தப் படத்துக்கு இதுவே பாதிப் படம். ராத்திரிக் காட்சிகளில் பலவற்றை ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டுமே எடுத்தார். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு அது நடக்காத காரியம். நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 0.7 (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்), அதில் மூன்றை குப்ரிக் வாங்கி, பழைய மிட்செல் கேமராவை அதற்கேற்ப மாற்றி அமைக்க வைத்தார். கேமராவில் சாதாரண லென்ஸ் உள்ளே விடுவதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை அது விடும். அதற்குப் பதிலாக ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் தூரம், போய்விடும். நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் மங்கிவிடுவார். தூரத்தைக் கண்காணிக்கப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்தே எடுத்தார்கள்.

இங்கே ஒரு தவறான செய்தியையும் சரிசெய்துவிடுகிறேன், உங்கள் குழுவில் ஒருவர் முழுப் படமும் மின்விளக்கே இல்லாமல் எடுத்தது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. பகல் நேர உள்காட்சிகளில் ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்குகளை வைத்து, மெல்லிய தாள் வழியாக உள்ளே விட்டார்கள். மெழுகுவர்த்திக் காட்சிகள்தான் மெழுகுவர்த்தியால் எடுத்தவை. இன்னொரு கேள்வியும் வரும்: நடிகர்கள் பொம்மை மாதிரி அசையாமல் இருப்பது அந்த லென்ஸ் கஷ்டத்தாலா? மெழுகுவர்த்திக் காட்சிகளில் அதற்கும் பங்கு உண்டு என்பது நிச்சயம். ஆனால் வெட்டவெளியில், நல்ல பகலில், எந்தக் கஷ்டமும் இல்லாத இடத்திலும் அவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆகவே அந்த அசையாமை பெரும்பாலும் இயக்குநர் விரும்பியது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்துத்தான் பல சட்டகங்களை அமைத்தார்கள். ஓவியத்துக்குள் இருப்பவர் ஓடமாட்டார்.

படம் வெளியானபோது குப்ரிக் தியேட்டர் ஆபரேட்டர்களுக்கே ஒரு கடிதம் அனுப்பினார். பல வருடம் கேபினில் நின்றவன் என்ற முறையில் அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெகிழ்ச்சியாக இருக்கும். படத்தை 1.66 அளவில், அதாவது உயரத்தைப் போல 1.66 மடங்கு அகலத்தில் காட்டுங்கள், எக்காரணம் கொண்டும் 1.75ஐத் தாண்டி மேலும் கீழும் வெட்டாதீர்கள், திரையில் வெளிச்சம் 15 முதல் 18 ஃபுட்லாம்பர்ட் இருக்கட்டும், இவ்வளவு உழைப்பும் இப்போது உங்கள் கையில் என்று எழுதியிருந்தார். ஃபுட்லாம்பர்ட் என்பது திரையில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சத்தின் அளவு. எங்கள் ஊர்த் தியேட்டர்களில் அதை அளக்கும் கருவியை நான் பார்த்ததே குறைவு. கார்பன் மிச்சம் பிடிக்க ஆம்பியரைக் குறைத்து ஓட்டச் சொன்ன முதலாளிகள் உண்டு. இருட்டுக் காட்சி வந்தால் கூட்டம் நெளியும், படம் சரியில்லை என்பார்கள். படத்தில் குறை இருக்காது, விளக்கில் இருக்கும்.

உங்கள் கூடத்தில் பிரச்சினை இதற்கு நேர் எதிர். இன்றைய வாடகை புரொஜெக்டருக்குப் பத்தடி திரைக்கு வேண்டிய வெளிச்சம் தாராளமாக இருக்கும். உங்களுக்கு இல்லாதது இருட்டு. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் கறுப்பு எல்லாம் சாம்பல் ஆகிவிடும். மெழுகுவர்த்திச் சுடரைச் சுற்றி முகம் மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் கருமையில் மூழ்க வேண்டிய காட்சியில், உங்கள் ஆட்கள் பார்த்தது அழுக்கு மஞ்சள் சுவர் முன்னால் சில பேர் உட்கார்ந்து சீட்டாடுவதை. புரொஜெக்டரை ஆபீஸ் கூட்டங்களுக்கு வைக்கும் பிரகாசமான அமைப்பிலேயே விட்டிருந்தால் அந்த மஞ்சளும் போய் நீலம் ஏறியிருக்கும். பேரியும் லேடி லிண்டனும் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்தச் சீட்டு மேசைக் காட்சியில் பேச்சு இல்லை. பார்வையும் வெளிச்சமும் ஷூபர்ட்டின் இசையும்தான். வெளிச்சத்தை எடுத்துவிட்டு, மின்விசிறிச் சத்தத்தில் இசையையும் எடுத்துவிட்டால், ஒரு மனிதனும் ஒரு பெண்ணும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம். லேக் அடிக்கிறது என்று சொன்னவர் தான் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

சப்டைட்டிலும் சேர்ந்துகொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டு மாதிரி எழுதப்பட்ட நீளநீளமான இங்கிலீஷ். வேகமாகப் படிக்க முடியாதவர் கண் முழுக்கக் கீழேயே கிடக்கும், மேலே இருக்கும் படத்தைப் பார்க்க நேரமே இருக்காது. பெரியவர் படிக்காததால்தான் படத்தை முழுசாகப் பார்த்தார் என்றுகூடத் தோன்றுகிறது.

சரி, எல்லாம் சரியாக இருந்தால் எல்லோருக்கும் பிடித்துவிடுமா? பிடிக்காது. நல்ல இருட்டில், நல்ல சத்தத்தில் நான் ஓட்டிய இடத்திலும் எழுந்து போனவர்கள் உண்டு. பேரியாக நடித்த ரையன் ஓ'நீல் மரக்கட்டை என்பார்கள். அன்றைக்கு அவர் அமெரிக்காவில் வசூல் நட்சத்திரம், பெரிய நட்சத்திரம் வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் கேட்டதால் வந்தவர். என் கண்ணுக்கு அந்த வெறுமை இந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. தனக்கென்று ஒன்றும் இல்லாமல் போகிற இடத்தின் சட்டையைப் போட்டுக்கொள்கிறவன்தானே பேரி. மகன் இறக்கும் படுக்கையில் அதே மனிதர் உடைந்து போவது அதனால்தான் தாக்குகிறது. இதை நிரூபிக்க முடியாது, என் ரசனை. ஆனால் ஒரு குறையை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். லேடி லிண்டனுக்குப் படம் வாயே கொடுக்கவில்லை. அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்ணின் நிலைமையைக் காட்டத்தான் அப்படி என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். பாதி ஏற்கிறேன். இருந்தாலும் மூன்று மணி நேரத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. உங்கள் கூடத்தில் பெண்கள்தான் அதிகம் எழுந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரிச் சமையல் ஒரு காரணமாக இருக்கலாம். திரையில் இருக்கும் பெண்ணுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களிடம் கேளுங்கள், நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

சீன் போடுகிறார்களா என்ற கேள்விக்கு இதில் பாதிப் பதில் வந்துவிட்டது. சிலர் போடுவார்கள், பெரிய பெயர் என்றால் பிடித்த மாதிரி பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: எந்த இடம் என்று கேட்பேன். “ஃப்ரேம் ஒவ்வொன்றும் ஓவியம்” என்று நிறுத்திக்கொண்டால் அது எங்கேயோ படித்தது. “அந்தப் பையன் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறானே” என்று சொன்னால் பார்த்திருக்கிறார். மொக்கை என்பவரிடமும் இதையே கேட்கலாம். எங்கே சலிப்புத் தட்டியது என்று அவரால் சொல்ல முடிந்தால் அவரும் பார்த்திருக்கிறார், அவர் சொல்வதற்கும் அதே மதிப்பு. உங்கள் டீக்கடைப் பெரியவரை யாரும் சீன் போடுகிறார் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? யாருக்குக் காட்டிக்கொள்ள அவர் சீன் போட வேண்டும்?

“வெள்ளைக்காரன் விக்கும் பவுடரும், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்” என்று குழுவில் ஒருவர் எழுதியதையும் சேர்த்திருந்தீர்கள். அவருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். பேரி சிப்பாயாகப் போகும் அந்த ஏழாண்டுப் போர், 1756இலிருந்து 1763 வரை நடந்தது, நம் தெருக்களிலும் நடந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து, இன்றைக்கு ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்லும் கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து, அங்கிருந்தபடி கோட்டையை முற்றுகை போட்டார். 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் வந்த பிறகுதான் விலகினார். அந்த லாலியின் அப்பா அயர்லாந்துக்காரர். மறு வருடம் ஜனவரியில் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்த அயர் கூட், அவரும் அயர்லாந்தில் பிறந்தவர். பிழைப்புக்காக எந்த ராஜாவின் சட்டையையும் போட்டுக்கொண்ட அயர்லாந்துக்காரர்களின் உலகம் அது, பேரி அதில் ஒருவன். லாலியைக் கடைசியில் பிரான்ஸ் அரசே 1766இல் பாரிஸில் தலையை வெட்டியது. இந்த மாதிரி முற்றுகை இனி வரக் கூடாது என்று பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதில்தான் வால்டாக்ஸ் ரோடுக்குப் பெயர் கொடுத்தது. அதன் ஒரு மிச்சம் ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவாக இன்றும் இருக்கிறது, உங்களில் பலர் அதன் மேல் ஏறி விளையாடியிருப்பீர்கள். படத்தில் வரும் சண்டைகள் ஐரோப்பாவில் நடப்பவைதான், அதில் சென்னை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்த விக்கு வைத்தவர்கள் தின்ற சோற்றின் ஒரு பங்கு எங்கிருந்து போனது என்று தெரிந்தவனுக்கு, அவர்கள் மெழுகுவர்த்தி முன்னால் நிதானமாகச் சூதாடுவதைப் பார்க்கும்போது படம் தூரத்துக் கதையாக இருக்காது. திரையிடுவதற்கு முன் இதை ஐந்து நிமிடம் பேசியிருந்தால் சிலராவது இடைவேளைக்குப் பிறகு உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

அதனால் மறுபடி போடுங்கள். இந்தத் தடவை இரண்டு ஞாயிறாகப் பிரித்துப் போடுங்கள். படமே இரண்டு பாகமாகத்தான் இருக்கிறது, குப்ரிக்கே இடைவேளை வைத்த இடத்தில் நிறுத்தினால் ஒரு குறையும் வராது. ஏழரை மணிக்கு ஆரம்பியுங்கள், வெளியே இருட்டியிருக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இல்லையென்றால் பந்தல்காரரிடம் தார்ப்பாய் வாங்கி வெளிப்பக்கம் கட்டுங்கள். வாசல் டியூப்லைட்டை அணையுங்கள். புரொஜெக்டரில் சினிமா அமைப்பு இருக்கும், அதற்கு மாற்றுங்கள். கூட்டம் வருவதற்கு முன் அந்தச் சீட்டு மேசைக் காட்சியை ஓட்டிப் பாருங்கள்: சுடர் வெள்ளையாக வெடிக்காமல் மஞ்சளாக இருக்க வேண்டும், ஆட்களுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு சாம்பலாக இல்லாமல் இருட்டாகவே இருக்க வேண்டும். திரைக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கறுப்பு விளிம்பு விழும். அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்காதீர்கள், மனிதர்கள் குண்டாகிவிடுவார்கள். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள், வாசலில் வேண்டாம்.

கதை முழுவதையும், முடிவையும் சேர்த்து, தமிழில் ஒரு பக்கம் எழுதி வாசலில் கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போக இந்தப் படத்தில் சஸ்பென்ஸ் ஒன்றும் இல்லை. முடிந்தால் உங்களில் குரல் நல்லதாக உள்ள ஒருவர், பின்னணிக் குரல் பேசும் இடங்களில் மட்டும் மைக்கில் தமிழில் இரண்டு வரி சொல்லட்டும். முதல் ஞாயிறு எழுந்து போனவர்களையும் இரண்டாவது ஞாயிறுக்குக் கூப்பிடுங்கள், பேரியின் மகனும் கடைசிச் சண்டையும் அதில்தான் வருகின்றன. வராவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த படத்துக்கு வருவார்கள். பெரியவரை முன்வரிசையில் உட்கார வைத்து, முடிந்ததும் முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள். திரை எத்தனை அடி, புரொஜெக்டர் என்ன மாடல் என்று எழுதினால் எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.